கூடு புதிது, உயிர் பழையது

இரும்பு வலியது என்பது உலக வழக்கு. ஆயினும் கொழும்பின் கடற்கரையை அடுத்து வாழ்வோருக்கு அவ்வலிமையின் எல்லை நன்கு தெரியும். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். யன்னற் கம்பி, படலைக் கீல், தண்ணீர்க் குழாய் என்று இரும்பாலான எதுவும் துருவுக்குத் தப்புவதில்லை. துறைமுகத்துக் காற்று வீசும் கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான். உப்புக் கலந்த ஈரக் காற்றுக்கு இரும்பு சிறுகச் சிறுக இரையாகிறது. வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய மோட்டார் வண்டிக்கு இக்காற்றே காலன்.

நம் நாட்டிலே பழைய வண்டிகளுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகியது. ஒஸ்ரின், மொரிஸ், ஹில்மன், வொக்ஸ்வாகன் என முன்னரே வந்து சேர்ந்தவற்றைக் காப்பாற்றிக்கொள்வதன்றி வேறு வழியிருக்கவில்லை. 2020 மார்ச்சு மாதம் தொடங்கி 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தடைப்பட்டபோதும், பழையதைப் பேணும் அதே கலை நமக்குக் கைகொடுத்தது. மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகள் வரிசை வரிசையாக நிற்பதற்கும், டிங்கரிங் வேலை செய்யும் பாஸ்மாருக்கு ஊர்தோறும் மதிப்பு இருப்பதற்கும் காரணம் இதுவே.

இப்பின்னணியில், வெள்ளவத்தையில் வாழும் மாணவர் ஒருவர் அண்மையில் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். அவருடைய அப்பப்பா வாங்கிய மொரிஸ் மைனர் வீட்டிலே நிற்கிறது. எஞ்சின் இன்னும் ஓடுகிறது; உடலோ அடிப்பகுதியெங்கும் அரித்துவிட்டது. தகப்பனார் அதைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். மகனோ அமெரிக்க இளைஞர் ‘ஹொட் ரொட்’ என்று செய்யும் வண்டிகளைப் படங்களிற் கண்டு மயங்கியவர். ‘துருப்பிடித்த கூட்டை வெட்டி எறிந்துவிட்டு, பழைய போர்ட் காரின் வடிவில் வார்த்த பைபர்கிளாஸ் உடல் ஒன்றை ஏற்றினால் என்ன? எத்தகைய உடலைத் தேர்ந்தெடுப்பது?’ என்பது அவர் வினா. தகப்பனாருக்கும் மகனுக்கும் இதனாற் சில வாரங்களாகப் பேச்சுக் குறைந்திருப்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒரு குடும்பத்தின் சேமிப்பும், ஓர் இளைஞரின் உயிர்ப் பாதுகாப்பும், பாட்டனாரின் நினைவும் ஒருங்கே அடங்கிய வினா இது. ஆகவே இதனை இவ்வாரம் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் ‘ஹொட் ரொட்’ என்பது யாது? அமெரிக்காவில் ஹென்றி போர்ட் 1908 முதல் 1927 வரை ‘ரி மொடல்’ என்னும் காரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் செய்து விற்றார். 1932இல் எட்டு உருளைகள் கொண்ட வி-8 எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்காரிலே பொருத்தினார். சில ஆண்டுகளில் இவ்வண்டிகள் பழசாகி, மலிந்த விலைக்குக் கிடைத்தன. கலிபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்காட்டுகளைக் கழற்றி, கூரையைத் தாழ்த்தி, எஞ்சினுக்கு வலுவூட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் போட்டி நடத்தினர். 1937இல் அவர்களுடைய கழகங்கள் ஒரு சங்கமாகத் திரண்டன. 1948இல் அவர்களுக்கென்றே ஒரு சஞ்சிகையும் பிறந்தது. பணக்காரரின் பொழுதுபோக்காக அன்றி, கைத்தொழில் தெரிந்த ஏழை இளைஞரின் கலையாகவே அது முளைத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

காலம் செல்லச் செல்லப் பழைய உருக்கு உடல்கள் அரிதாயின. அவ்விடத்தை நிரப்ப வந்ததே பைபர்கிளாஸ். கண்ணாடியை உருக்கி மயிரினும் மெல்லிய இழையாக இழுத்து, பாய் போல் விரித்து, அதன்மேல் திரவப் பிசினை ஊற்றி இறுகச் செய்தால் உண்டாகும் பொருள் அது. கண்ணாடி இழை இழுவிசையைத் தாங்குகிறது. பிசின் அவ்விழைகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. கொங்கிறீற்றுக்குள் கம்பி வைக்கும் தத்துவமும் இதுவே. உருக்கு நீரைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு அடர்த்தியுடையது; பைபர்கிளாஸ் ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்குள் அடங்கும். எல்லாவற்றிலும் மேலாக, அது துருப்பிடிப்பதில்லை. 1953இல் செவ்ரொலே நிறுவனம் கோர்வெற் என்னும் காரைப் பைபர்கிளாஸ் உடலுடன் வெளியிட்டபோது, அவ்வாண்டில் செய்யப்பட்டவை 300 மட்டுமே.

இப்பொருள் நமக்குப் புதியதன்று. நம் கடற்கரைகளில் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டி ஓடும் பதினெட்டடிப் படகுகள் பெரும்பாலும் பைபர்கிளாஸால் ஆனவை. யாழ்ப்பாணத்துக் காரைநகரிலே நோர்வே நாட்டின் உதவியோடு தோன்றிய சீநோர் படகுத்துறை, இக்கலையை நம்மவருக்குக் கற்பித்த நிலையங்களுள் ஒன்று. படகுக்கும் காருக்கும் உள்ள உறவு இங்கு மட்டுமன்று. 1964இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர், தாம் படகு கட்டிப் பெற்ற அனுபவத்தைக் கொண்டே வொக்ஸ்வாகன் உறுப்புகளின்மேல் ‘மேயர்ஸ் மான்க்ஸ்’ என்னும் மணல்வெளி வண்டியை உருவாக்கினார்.

அண்டை நாடாகிய இந்தியாவிலும் உதாரணங்கள் உள. பெங்களூரில் சிபானி நிறுவனம் 1980களில் இங்கிலாந்தின் ரிலையன்ற் கிற்றன் காரைத் தழுவி, ‘டொல்பின்’ என்னும் பைபர்கிளாஸ் காரைச் செய்தது. மும்பைக்கு அணித்தான அலிபாக்கில் உருவான சிங்காரா ரோட்ஸ்ரர், 1957இல் பிறந்த லோட்டஸ் செவன் என்னும் ஆங்கில வண்டியின் சாயலைப் பைபர்கிளாஸில் வார்த்தெடுத்ததாகும்.

இனி, மாணவரின் வினாவுக்கு வருவோம். எந்த உடலைத் தேர்வது என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: உம்முடைய வண்டிக்கு எலும்பு எங்கே இருக்கிறது?

பழைய போர்ட் கார்களுக்கு ‘செசி’ எனப்படும் தனிச் சட்டகம் உண்டு. எஞ்சின், சில்லு, ஸ்ரியறிங் யாவும் அச்சட்டகத்திலேயே பொருந்தியிருக்கும். உடல் அதன்மேல் ஆணிகொண்டு பூட்டிய வெறும் சட்டை. சட்டையைக் கழற்றினாலும் எலும்புக்கூடு நிற்கும், ஓடவும் செய்யும். ஆதலால் அதற்குப் பைபர்கிளாஸ் சட்டை தைப்பது எளிது. பழைய ஜீப் வண்டிகளும் இவ்வகையினவே. வொக்ஸ்வாகன் ‘பீற்றில்’ காருக்கும், உடலினின்று பிரிக்கக்கூடிய அடித்தளம் உண்டு.

ஆனால் அலெக் இசிகோனிஸ் என்னும் மேதை வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரின் அமைப்பு வேறு. அதற்குத் தனிச் செசி இல்லை. தரைத் தகடு, பக்கப் பெட்டிகள், தூண்கள், கூரை யாவும் ஒன்றாக ஒட்டவைக்கப்பட்டு, அக்கூடே எலும்பாகவும் நிற்கிறது. நண்டுக்கு ஓடே எலும்பாக இருப்பது போல என்று சொல்லலாம். ஓட்டை உரித்தபின் நண்டு நடக்குமா? மைனரின் உடலை வெட்டி எறிந்துவிட்டு, போர்ட் வடிவப் பைபர்கிளாஸ் கூட்டை அதன்மேல் வைத்தால், முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே வலுவான தொடர்பே இராது. வளைவிலே திரும்பும்போது வண்டி முறுகும்; பள்ளத்தில் விழுந்தால் முறியவும் கூடும். ஓட்டுபவரும் உடனிருப்பவரும் என்னாவர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

‘அப்படியாயின் செசி இல்லாத பைபர்கிளாஸ் காரே உலகில் இல்லையா?’ என்று கூர்ந்த மதியுடைய மாணவர் மடக்கலாம். உண்டு. லோட்டஸ் எலீற் 1957இல் அவ்வாறு வந்தது. வெனிசுவேலாவில் 1990களில் மினி காரின் உடலையே பைபர்கிளாஸில் வார்த்து விற்றனர். ஆனால் அவை தேர்ந்த பொறியியலாளர் கணக்கிட்டு, ஏற்ற இடங்களில் உருக்கைப் புதைத்து, சோதித்துச் செய்தவை. வீட்டு முற்றத்தில் செய்யும் வேலைக்கு அவை முன்மாதிரி ஆகா.

ஆகவே அப்பப்பாவின் மைனருக்குப் பைபர்கிளாஸ் கூடு வேண்டாம் என்பதே எமது துணிபு. பழைய இரும்பு விலைக்குப் போகவும் வேண்டாம். அரித்த பாகத்தை வெட்டி, புதிய உருக்குத் தகட்டை ஒட்டவைத்துத் திருத்துவது நம் பாஸ்மாருக்குக் கைவந்த கலை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், 1990களில் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, மைனருக்கான தகடுகளையும் உதிரிப்பாகங்களையும் இந்நாட்டிலேயே செய்விக்க முற்பட்டார் என்பதை இங்கு நினைவூட்டலாம். ஆங்கிலேயரே நம் கைத்திறனை நாடி வந்திருக்க, நாம் நம் வீட்டு வண்டியை இரும்புக் கடைக்குத் தள்ளுவது தகுமா? மட்காட், பொனற் போன்ற பாரந் தாங்காத பகுதிகளுக்கு மாத்திரம் பைபர்கிளாஸைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

எனினும் ஹொட் ரொட் ஆசையை நாம் அடியோடு கிள்ளி எறியவில்லை. உறுதியான தனிச் செசி உடைய வண்டி ஒன்று பின்னொரு நாள் கைக்கு வருமாயின், உடலைத் தேரும்போது நோக்க வேண்டியவை சில உள.

முதலாவது, வரிசை. செசியும் எஞ்சினும் முடிவான பின்னரே உடலை வாங்க வேண்டும். அழகிய உடலை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற எலும்பைத் தேடுவோர், செருப்புக்கு ஏற்பக் காலைத் தறிப்பவர் ஆவர்.

இரண்டாவது, உட்புறம். பளபளக்கும் வெளிப்புறத்தைக் கண்டு மயங்கற்க. குனிந்து உட்புறத்தைப் பாருங்கள். நார்ப்பாய் சீராகப் படிந்திருக்கிறதா? பிசின் தோயாத வெண்ணார் தெரிகிறதா? விரலால் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஓசை மாறுகிறதா? அங்கே காற்றுக் குமிழ் அடைபட்டிருத்தல் கூடும். ஓரங்களைத் தடவித் தடிப்பை ஒப்பிடுக. கையால் அடுக்கடுக்காகப் படியவைத்த உடலில் தடிப்பு ஒழுங்காயிருக்கும். அவசரமாகத் தெளித்துச் செய்ததில் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் கிடக்கும். மேற்பூச்சிலே சிலந்தி வலை போன்ற வெடிப்பு இருந்தால் விலகிவிடுக.

மூன்றாவது, உள்ளெலும்பு. பைபர்கிளாஸ் தனித்து நின்றால் நெளியும். கதவுக் கீலும் பூட்டும் அமையும் இடங்களிலும், உடலைச் செசியோடு பூட்டும் இடங்களிலும் உருக்குக் குழாயோ வலிய மரமோ உள்ளே பதிக்கப்பட்டிருக்க வேண்டும். கதவைப் பலமுறை திறந்து மூடிப் பாருங்கள். கதவு தொய்ந்தால் அந்த உடல் உங்களுக்கு உரியதன்று.

நான்காவது, முதிர்ச்சி. அச்சிலிருந்து எடுத்தவுடன் பிசின் முற்றாக இறுகிவிடுவதில்லை. சில காலம் வரை சுருங்கும். பச்சைப் பிசினின் காரமான நெடி மூக்கைத் துளைத்தால், அவ்வுடல் இன்னும் பச்சைப் பிள்ளை என்று அறிக. நிறம் பூச அவசரப்படலாகாது.

ஐந்தாவது, நம் நாட்டு நிலை. நாம் வீதியின் இடப்புறம் செல்வோர். ஸ்ரியறிங் வலப்புறத்தில் வேண்டும். அமெரிக்கருக்கென வார்த்த உடலில் அதற்கு இடம் உண்டா எனப் பார்க்க வேண்டும். கூரையில்லா வண்டி கலிபோர்னியாவின் வறண்ட வெளிக்குப் பொருந்தும். தென்மேற்குப் பருவமழை கொட்டுகையில் காலி வீதியில் அதை ஓட்டுபவர் காரோட்டியா படகோட்டியா என்று கண்டோர் ஐயுறுவர்!

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். உருக்குக் காரிலே உடலே மின்னோட்டத்தின் திரும்பு வழியாக உதவுகிறது. பைபர்கிளாஸ் மின்னைக் கடத்தாது. ஆதலால் ஒவ்வொரு விளக்குக்கும் செசிக்குத் திரும்பும் தனிக் கம்பி இழுக்க வேண்டும். இதை மறந்தவர்கள், ‘புது பல்ப் போட்டும் எரியவில்லையே’ என்று நாட்கணக்காகத் தேடுவதுண்டு.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விடுவது ஆசிரியனுக்கு அழகன்று. உருக்கு மோதினால் மடங்கி, மோதலின் விசையில் ஒரு பங்கைத் தான் உண்டுவிடும். மெல்லிய பைபர்கிளாஸ் உடைந்து சிதறும். எனவே இருக்கைப் பட்டிகளை ஒருபோதும் பைபர்கிளாஸில் பூட்டலாகாது. செசியோடு இணைந்த உருக்கிலேயே பூட்ட வேண்டும். புகைக்குழாய் உடலைத் தொடாது விலகிச் செல்ல வேண்டும்; பிசின் தீப்பற்றும் இயல்புடையது. பைபர்கிளாஸைத் தேய்க்கும்போது எழும் தூள் தோலை அரிக்கும், சுவாசத்துக்கும் கேடு. முகக்கவசமின்றி அவ்வேலையைத் தொடற்க. கெட்டியாக்கும் திரவம் கண்ணிற்பட்டால் பார்வைக்கே ஆபத்து. அது பிசினில் நூற்றுக்கு ஒன்று இரண்டு என்ற அளவிலேயே கலக்கப்படுவது. நம் வெப்பத்தில் பிசின் விரைந்து இறுகும் என்பதையும் மனங்கொள்க.

சட்டமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ்ப் பதிவான வாகனம், பதிவில் உள்ளபடியே இருத்தல் வேண்டும். உடலையோ எஞ்சினையோ மாற்ற எண்ணுவோர், வெட்டுவாளைக் கையிலெடுக்கும் முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தை நாடி அனுமதியைத் தெளிந்துகொள்க. முடித்தபின் கேட்போம் என்பது முதலையே இழக்கும் வழி.

இறுதியாக, எம் உள்ளத்தை மிகவும் தொட்ட ஒன்று. பைபர்கிளாஸ் உடலுக்கு நிறம் பூசிவிட்டால், 1932ஆம் ஆண்டின் உண்மை உருக்கு எது, நேற்று வார்த்த போலி எது என்று வீதியில் நிற்பவரால் அறிய முடியாது. இதனால் வாணிபத்தில் வஞ்சகம் நுழைய இடமுண்டு. ஒரு நல்ல உடலையே அச்சாக வைத்து இன்னொருவர் நகல் எடுத்துவிடவும் முடியும். புரூஸ் மேயர்ஸுக்கு நேர்ந்தது இதுதான். அவருடைய வண்டியைப் பலர் நகலெடுத்தனர். தம் உரிமையைக் காக்க அவர் தொடுத்த வழக்கோ தோற்றது.

நம் பெரியபுராணத்திலே திருமூலர் வரலாறு உண்டு. சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனைக் கண்டு பசுக்கள் கதறின. அவற்றின் துயர் பொறாத சிவயோகியார், கூடு விட்டுக் கூடு பாய்ந்து மூலனின் உடலிற் புகுந்தார். மாலையில் மூலனின் மனைவி வந்து அழைத்தபோது, அவர் அவளை ஏமாற்றவில்லை. ‘உனக்கும் எனக்கும் உறவில்லை’ என்று தெளிவாக உரைத்து விலகினார். வேற்றுக் கூட்டில் உறைவது குற்றமன்று. உறைந்துகொண்டு, நான் இன்னான் என்று பொய் சொல்வதே குற்றம். பழைய எஞ்சினுக்குப் புதிய கூடு அணிவிப்போருக்கும் இந்நெறி பொருந்தும். ‘இது நகல்’ என்று வாங்குவோரிடமும் வியப்போரிடமும் வாய் திறந்து சொல்லும் நகல், தன்னளவில் ஓர் அசலே.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளை எண்ணெய்க் கையோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தால் சினவாதீர்கள். பரீட்சைப் புத்தகத்திற் காணாத பௌதிகத்தையும் இரசாயனத்தையும் அந்தக் கை கற்றுக்கொண்டு வருகிறது. செலவுக்கு ஓர் எல்லையை வகுத்து, கல்வி கெடாத நேரத்தை ஒதுக்கி, அறிந்த பாஸ் ஒருவரிடம் அவனைக் கொண்டுபோய் விடுங்கள். பிள்ளைகளே, நீங்களும் தகப்பனாரின் தயக்கத்தைக் கருமித்தனம் என்று எண்ணாதீர்கள். அவர் அஞ்சுவது பணத்துக்காக மட்டுமன்று; அந்த வண்டிக்குள் அமரப்போகும் உங்களுக்காக. அரித்த தகட்டை வெட்டும் நாளில் அவரையும் கராஜுக்கு அழைத்துச் செல்லுங்கள். சிறுவனாயிருந்தபோது தாம் அமர்ந்து சென்ற பின்னிருக்கையைப் பற்றி அவரிடம் சொல்வதற்குக் கதைகள் இருக்கும்.